நீலச் சுறாக்கள்

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் கேப் வெர்டே மாதிரி ஒரு குட்டித் தீவு நாடு உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றது அதிர்ஷ்டம்தானே?

பதில்: தகுதிச் சுற்றில் கேமரூன் மாதிரி பலமான அணி இருந்த பிரிவில் 'நீலச் சுறாக்கள்' என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த அணி முதலிடம் பிடித்தது அதிர்ஷ்டமா? 2025 அக்டோபர் 13-ல் தலைநகர் பிரையாவில் எஸ்வாட்டினியை 3-0 என வென்று, 2026 போட்டிக்குள் நுழைந்தார்கள். மக்கள்தொகை சுமார் 5 லட்சம்தான்.

2013-ல் முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆடியபோதே காலிறுதி வரை வந்தவர்கள். அன்றைய பயிற்சியாளர் லூசியோ அன்டுனெஸுக்குப் பிழைப்பே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுதான்! அதே ஆண்டு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் துனிசியாவை அதன் மண்ணிலேயே 2-0 என மடக்கினார்கள். அப்புறம், தடையில் இருந்த வீரரை ஆடவைத்ததாகச் சொல்லி ஃபிஃபா அந்த வெற்றியைப் பறித்தது. விதி விதிதான், ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

கேள்வி: வீரர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்களா?

பதில்: இல்லை. பிழைப்புத் தேடி வெளியேறியவர்களின் பிள்ளைகள் பலர். டப்ளினில் பிறந்த ராபர்ட்டோ லோபஸின் அப்பா கேப் வெர்டேக்காரர். கேப் வெர்டே அணிக்கு ஆடச் சொல்லி லோபஸுக்கு லிங்க்ட்இன்னில் போர்ச்சுகீஸ் மொழியில் அழைப்பு வந்தது. ஏதோ வேண்டாத செய்தி என்று விட்டுவிட்டார். பிறகு பயிற்சியாளர் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டபோதுதான் விஷயமே புரிந்ததாம்!