வாசகர் கேள்வி – பதில்: சபையில் அமைச்சர் சொல்வதும் வன்னியில் நாம் கேட்பதும்

பாதுகாப்பு, காணி, உள்ளூராட்சி ஆகியவை பற்றிப் பாராளுமன்றத்தில் அமைச்சர்கள் அளிக்கும் பதில்கள் தொடர்பாக வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: படையினர் வசம் இருக்கும் தனியார் காணிகளில் பெரும்பகுதி விடுவிக்கப்பட்டுவிட்டது என்று சபையில் பதில் சொல்லப்படுகிறது. எங்கள் கண்முன்னே முட்கம்பி வேலிக்குள் இருக்கும் காணிகள் அப்படியானால் யாருடையவை? அமைச்சர் பொய் சொல்கிறாரா?
– வாசகர் ஒருவர், முள்ளியவளை

பதில்: பொய் என்று முடிவு செய்வதற்கு முன்னர், அமைச்சரிடம் என்ன கேட்கப்பட்டது என்பதைப் பாருங்கள், ஐயா. ‘தனியார் காணி’ என்று மட்டும் கேட்டால் உறுதிக் காணிகளின், அதாவது சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணிகளின், கணக்கு மட்டுமே பதிலாக வரக்கூடும். வன்னியிலோ பெருந்தொகையான குடும்பங்கள் உறுதி இல்லாமல், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தை வைத்தே வாழ்ந்து வந்திருக்கின்றன. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் குடியேற்றத் திட்டங்களில் காடு வெட்டிக் கழனியாக்கியவர்கள் பலரும் அப்படித்தான் காணி பெற்றார்கள். மூன்று தலைமுறை உழுதிருந்தாலும், கிணறு வெட்டித் தென்னை வைத்திருந்தாலும், அரசின் பதிவேட்டில் அந்த நிலம் அரச காணியாகவே இருக்கும். ஆகவே, ‘தனியார் காணி எதுவும் எம்மிடம் இல்லை’ என்ற பதில் எழுத்தளவில் சரியாக இருந்துகொண்டே, வேலிக்கு வெளியே நிற்கும் குடும்பத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியும். 2009இல் பத்திரங்களையும் இழந்து வந்தவர்களின் நிலை இதைவிடக் கடினம்.

எனவே கேள்வியைப் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாகக் கேட்க வேண்டும். உறுதிக் காணி எவ்வளவு, அனுமதிப்பத்திரக் காணி எவ்வளவு, அரசு அளிப்பாக வழங்கிய அளிப்புப் பத்திரக் காணி எவ்வளவு, பத்திரம் இல்லாவிட்டாலும் 2009க்கு முன் மக்கள் குடியிருந்த காணி எவ்வளவு என்று நான்காகப் பிரிக்க வேண்டும். இராணுவம், கடற்படை, விமானப்படை, சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்பதும் அவசியம். முசலியின் முள்ளிக்குளத்தில் கடற்படையும், கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பில் விமானப்படையும் இருந்ததை நாம் அறிவோம். இராணுவத்தைப் பற்றி மட்டும் கேட்ட கேள்விக்கு மற்றப் படைகளின் கணக்கு வராது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அந்தக் காணி எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். என் பார்வையில் மிகவும் பெறுமதியான கேள்வி அதுதான், ஏனெனில் சட்டப்படி எடுக்கப்படாத காணிக்கு அமைச்சரால் ஒரு பிரிவு இலக்கத்தைச் சொல்ல இயலாது.

பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி இறுதியில் படைமுகாமின் வாயிலில் அமர்ந்து, மார்ச் 1ஆம் திகதி தங்கள் காணிக்குள் கால்வைத்தார்கள். சபையில் கேட்கப்படும் கேள்வி அத்தகைய போராட்டத்துக்கு மாற்றாகாது; ஆனால் அரசின் வாயிலிருந்து வந்த ஒரு கணக்கு, பாராளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவேடான ஹன்சாட்டில் பதிவாகிவிட்டால், அடுத்த அரசாங்க அதிபரிடமும் அடுத்த அமைச்சரிடமும் அதைக் காட்டிப் பேச முடியும்.

கேள்வி: பிரதேச சபைகளின் குறைகளைப் பற்றிச் சபையில் கேட்டால், அது மாகாணத்துக்குரிய விடயம் என்று பதில் வருகிறது. மாகாண சபையே இல்லாதபோது நாங்கள் யாரிடம் கேட்பது?
– ஆசிரியை ஒருவர், நெடுங்கேணி

பதில்: சட்டத்தின்படி அந்தப் பதிலுக்கு அடிப்படை உண்டு. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் உள்ளூராட்சியை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி முதலாவது தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரே மாகாண நிருவாகத்தை நடத்தி வந்திருக்கிறார். 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரையில் அதிகாரிகளின் பொறுப்பிலேயே இருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வவுனியா வடக்கிலோ கரைதுறைப்பற்றிலோ துணுக்காயிலோ மக்கள் தெரிவு செய்த ஓர் உறுப்பினர்கூடப் பிரதேச சபையில் இருக்கவில்லை.

ஆகவே ‘மாகாணத்துக்குரியது’ என்று சொல்லி அமைச்சர் அமர்ந்துவிடுவதை நான் ஏற்கவில்லை. மாகாண சபைத் தேர்தலுக்கு வழி செய்ய வேண்டிய சட்டம் பாராளுமன்றத்தின் கையில் இருக்கிறது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அப்படியிருக்க, பதில் சொல்லும் கடமையை மட்டும் இல்லாத ஒரு சபையின் மீது போடுவது நியாயமில்லை.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் வேறு வேறு. செயலகம், கிராம அலுவலர், மாவட்டச் செயலகம் ஆகியவை மத்திய அரசின் அமைப்புகள். அவை பற்றிய கேள்விக்கு மாகாணத்தைக் காரணம் காட்ட எந்த அமைச்சராலும் முடியாது.

கேள்வி: எங்கள் ஊர் வீதியைத் திருத்துவது யார் பொறுப்பு?
– விவசாயி ஒருவர், மாந்தை கிழக்கு

பதில்: ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை. தரத்தை அறிந்துகொண்டு மனுவை எழுதுங்கள்.

கேள்வி: ‘தேசிய பாதுகாப்புக் கருதி அந்த விபரத்தை வெளியிட முடியாது’ என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அத்துடன் கதை முடிந்ததா?
– பல்கலைக்கழக மாணவி ஒருவர், வவுனியா

பதில்: முடியவில்லை, தங்கச்சி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசின் பாதுகாப்புக்கோ தேசிய பாதுகாப்புக்கோ குந்தகம் விளைவிக்கும் தகவலை மறுக்கலாம் என்று அதன் 5ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் ஏற்படக்கூடிய தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கி நிற்குமானால் தகவலைக் கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. முகாமில் எத்தனை வீரர்கள், என்ன ஆயுதங்கள் என்பது ஒன்று. அந்த முகாம் நிற்கும் நிலத்தின் சொந்தக்காரர் யார், அவருக்கு நட்டஈடு கொடுக்கப்பட்டதா என்பது முற்றிலும் வேறு. இரண்டாவதைப் பாதுகாப்பு இரகசியம் என்று சொல்வதற்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை.

விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி, உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. வேலை நாட்கள் 14க்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சு தர மறுக்கக்கூடிய காணி விபரம் பிரதேச செயலகத்தின் கோவைகளிலும் இருக்கும் என்பதால், இரு இடங்களிலும் ஒரே வேளையில் கேட்பது நல்லது.

கேள்வி: எங்கள் கேள்வியைச் சபைக்குக் கொண்டுசெல்வது எப்படி?
– மாதர் சங்க உறுப்பினர் ஒருவர், மடு

பதில்: வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். (கிளிநொச்சி வாசகர்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட உறுப்பினர்களை அணுக வேண்டும்.) கட்சி பாராமல் அவர்களில் எவரிடமும் எழுத்தில் கொடுக்கலாம். வாய்மூல விடைக்கான வினா (அ), (ஆ) என்று பிரிந்து, ‘இச்சபைக்கு அறிவிப்பாரா? இன்றேல், ஏன்?’ என்று முடியும் வடிவில் இருக்கும். அந்த ‘இன்றேல், ஏன்?’ என்பதை உறுப்பினர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் விசாரணையில் இருக்கும் வழக்கைக் கேள்வியாக்க முடியாது. ஒரு தனிக் குடும்பத்தின் முறைப்பாடாக இருந்தால், அதே உறுப்பினர் மூலமாகப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு அனுப்புவதே பொருத்தம்.

பதில் சொல்லப்பட்ட நாளுக்குரிய ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் வெளியாகும். பேசிய மொழியிலேயே பேச்சு அச்சாவதால், அமைச்சரின் பதில் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும்; தெரிந்த ஒருவரைக் கொண்டு முழுவதையும் தமிழாக்கிச் சங்கத்தின் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘விபரங்கள் சபாபீடத்தில் வைக்கப்படுகின்றன’ என்று அமைச்சர் சொல்லியிருந்தால், அந்த அட்டவணையின் பிரதியை உறுப்பினரிடம் கேட்டு வாங்குங்கள். கிராம வாரியான எண்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.