பழைய கட்டிலும் இரண்டு தூண்களும்

அன்புள்ள ஐயா,

மதுரையில் சிறிய வீடொன்று கட்டிக் குடியேறியிருக்கிறோம். வாடகை வீட்டில் இருந்தபோது வாங்கிய மரத்தூள் பலகை அலமாரி ஒரே மழைக்காலத்தில் உப்பிப் போனதால், இம்முறை பழைய தேக்குச் சாமான்களையே வாங்குவதென்று முடிவுசெய்து, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு இருமுறை சென்று வந்தேன். ஒரு கட்டிலும், விளக்குத் தண்டாக மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்ன இரண்டு மரத்தூண்களும் பிடித்திருக்கின்றன. விலையைக் கேட்டு நான் தயங்கியதுமே அவர் பாதியாகக் குறைத்ததால் ஐயம் வந்துவிட்டது. யார் யார் படுத்த கட்டிலோ, வீட்டுக்குள் வேண்டாம் என்கிறார் என் மாமியார். நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

கட்டிலைச் சோதித்துப் பார்த்து வாங்கலாம். தூண்களை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விலை பாதியானதை வைத்துப் பொருள் போலியென்று முடிவுகட்ட வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்குபவர்களை எண்ணியே அங்கே முதல் விலை சொல்லப்படுகிறது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் வேறு. கால்கள், சட்டங்கள், பலகைகள் ஆகியவற்றின் நீள அகலக் கனத்தை அளந்து, மொத்தம் எத்தனை கனஅடி என்று கணக்கிட்டு, பழைய தேக்கு கனஅடி என்ன விலைக்குப் போகிறதென்று உங்களூர்த் தச்சரிடம் கேளுங்கள். அதுவே மரத்தின் விலை. அதற்கு மேல் கேட்கப்படுவது வேலைப்பாட்டுக்கும் பழமைக்குமான விலை. வண்டிக்கூலி, கழற்றிப் பூட்டும் கூலி, பாலிஷ் செலவு எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, தச்சர் புதிதாகச் செய்து தரும் தேக்குக் கட்டிலின் விலையை அது தொட்டுவிடுமானால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அது மலிவு ஆகாது.

சோதனையை அடிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சென்னையில் நான் வாங்கிய அலமாரி ஒன்று புது மெருகோடு கண்ணைப் பறித்தது. மூன்று வாரத்தில் அதன் அடியில் தினமும் மாவு போன்ற தூள் கொட்டத் தொடங்கியது. தச்சர் வந்து பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டிய பிறகே எனக்குப் புரிந்தது. கதவுகள் வைரம் பாய்ந்த தேக்கு. பின்சட்டங்களோ பின்னாளில் யாரோ மாற்றி வைத்த வெள்ளைக் கட்டை. தேக்கின் வைரத்தில், அதாவது முற்றிய உட்பகுதியில், இருக்கும் எண்ணெய்ப் பசை பூச்சியையும் கரையானையும் பெரும்பாலும் அண்ட விடுவதில்லை. வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே கட்டிலைக் கவிழ்க்கச் சொல்லி, மெருகு ஏறாத இடங்களைப் பாருங்கள். குண்டூசித் தலையளவு துளைகளைத் தட்டும்போது புதிய தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளையில் இறக்கி மர ஆணி அடித்த மூட்டுகளாக இருந்தால், எத்தனை முறை ஆட்டம் கண்டாலும் கழற்றி இறுக்கிக்கொள்ளலாம். நூறாண்டுப் பழமை என்று சொல்லப்படும் பொருளின் மூட்டுகளிலெல்லாம் கூட்டல் குறித் தலையுடைய திருகாணிகள் இருந்தால், பின்னாளில் பழுது பார்க்கப்பட்டதா, பொருளே புதிதா என்று கேட்டுத் தெளியுங்கள்.

சுவர்ப்படங்களிலும் இதே கவனம் வேண்டும். ரவிவர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் என்று சொல்லி, பழைய சட்டத்துக்குள் புதிய அச்சை வைத்து விற்பதுண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், இக்கால அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒரே ஒழுங்கில் வரிசைகட்டி நிற்பது தெரிந்துவிடும்.

இனி தூண்கள். இத்தகைய தூண்கள் பெரும்பாலும், பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீடுகளிலிருந்து வருபவை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும், 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த வருமானத்தை முறித்தன. இன்று ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். பராமரிக்க முடியாத நிலையில், தூண், கதவு, நிலை, உத்திரம் என்று பிரித்து விற்றால் கிடைக்கும் தொகை, வீட்டை வீடாகவே வைத்திருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும்போது, அது இடிக்கப்படுகிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. நீங்கள் பார்த்த தூண்கள் ஏற்கெனவே இறக்கப்பட்டவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவை விற்றுப்போகும் வேகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக்கு விலை பேசப்படுகிறது. கட்டிலும் நாற்காலியும் வீட்டை இடிக்காமலேயே கை மாறக்கூடியவை. என் மனத்தில் கோடு அங்கேதான் விழுகிறது. ஒருவேளை தூண்தான் வேண்டுமென்றால், அறுத்து விளக்காக்காமல் உங்கள் முன்வாசலில் தூணாகவே நிறுத்த முடியுமா என்று பாருங்கள்.

மேலும், செதுக்கு வேலை மிகுந்தவற்றை விடுதிக்காரர்களும் அலங்காரக்காரர்களும் தேடி வாங்குவதால் அவற்றில் மலிவு கிடைப்பது அரிது. சாதாரண பெஞ்சு, புத்தக அடுக்கு, பிரம்பு கிழிந்த சாய்வு நாற்காலி ஆகியவற்றைப் பெரும்பாலோர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கிழிந்த பிரம்பைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். சட்டம் உறுதியாக இருந்தால் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். பார்வையற்றோர் பலர் முறையாகப் பயின்று செய்யும் தொழில் அது. அவர்கள் விரல்களின் இழுவிசை ஒரே சீராக இருப்பதை வியந்து பார்த்திருக்கிறேன்.

மாமியாரின் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. கட்டில் உடம்போடு ஒட்டிய பொருள்; பிறப்பும் நோயும் சாவும் அதில்தான் நடந்திருக்கின்றன. அவர் தினமும் புழங்கும் வீட்டுக்கு அவர் மனம் ஒப்பாத ஒன்றைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். கட்டிலை வாங்கப் போவதற்கு முன், அவருடைய பிறந்த வீட்டுப் பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ கால் உடைந்த கட்டில், மனைப்பலகை, கல்லாப்பெட்டி என்று எதுவும் கிடக்கிறதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். கிடந்தால், தச்சரை அழைத்துக்கொண்டு முதலில் அங்கே போங்கள். காரைக்குடிக்குப் பிறகு போய்க்கொள்ளலாம்.