கை பெருத்த குட்டி மனிதன்

கேள்வி: என் மகளின் உளவியல் புத்தகத்தில், கையும் உதடும் பூதாகரமாக வீங்கிய ஒரு மனிதப் படத்துக்கு 'ஹோமன்குலஸ்' என்று பெயர் போட்டிருக்கிறது. இணையத்தில் தேடினால் கண்ணாடிக் குடுவைக்குள் உட்கார்ந்திருக்கும் குட்டி மனிதன் வருகிறான். இரண்டும் ஒன்றா?
- வாசகி, திருச்சி

பதில்: பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. லத்தீனில் 'ஹோமோ' என்றால் மனிதன். மண்ணைக் குறிக்கும் 'ஹூமுஸ்' என்ற சொல்லுக்கு அது உறவு, அதாவது மண்ணில் வாழ்பவன். நாம் 'குட்டி' என்று முன்னால் சேர்ப்பதை அவர்கள் '-குலுஸ்' என்று பின்னால் ஒட்டினார்கள், அவ்வளவுதான். 'மூஸ்' எலி என்றால் 'மூஸ்குலுஸ்' சுண்டெலி. தோலுக்கடியில் தசை புரள்வது சுண்டெலி ஓடுவதுபோல் இருக்கிறதே என்று தசைக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள் என்பார்கள். ஜிம்முக்குப் போகிறவர்கள் 'மசில்' என்கிறார்களே, அது அந்த எலிதான்.

'குட்டி' என்பதைச் செல்லமாகவும் சொல்லலாம், மட்டம் தட்டவும் சொல்லலாம். ரோமானியர்கள் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் 'அற்ப மனிதன்' என்ற பொருளில்தான் எழுதினார்கள். எனக்குப் பிடித்த இடம் ரோமானியப் பேச்சாளர் சிசரோவினுடையது. சிராகூஸ் நகரை ஆண்ட கொடுங்கோலன் டயோனிசியஸின் நிம்மதியற்ற வாழ்க்கையைச் சொல்லிவிட்டு, அதே ஊரிலிருந்து ஓர் எளிய ஹோமன்குலஸை எழுப்பிக் கொண்டுவருகிறேன், இவன் வாழ்க்கையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார். அந்த 'அற்ப மனிதன்' யார் தெரியுமா? ஆர்க்கிமிடீஸ்! கி.மு. 75-இல் சிசிலியில் அதிகாரியாக இருந்தபோது, ஊர்க்காரர்களே மறந்துபோயிருந்த ஆர்க்கிமிடீஸின் கல்லறையை முள்புதருக்குள் தேடிக் கண்டுபிடித்தவரும் இதே சிசரோதான். ஆகவே அந்த இடத்தில் அந்தச் சொல் இழிவு இல்லை, வணக்கம் என்றே நான் படிக்கிறேன்.

சரி, குடுவை மனிதன். அவன் 16-ஆம் நூற்றாண்டு ரசவாதிகளின் கனவு. பாராசெல்சஸ் என்ற சுவிஸ் மருத்துவர் 1541-இல் இறந்த பிறகு அவர் பெயரில் அச்சான ஒரு நூலில் செய்முறையே இருக்கிறது: ஆணின் விந்தைக் குடுவையில் அடைத்துக் குதிரைச் சாணத்தின் சூட்டில் 40 நாள் வைக்க வேண்டும், பிறகு மனித ரத்தத்திலிருந்து எடுத்த சத்தை 40 வாரம் ஊட்ட வேண்டும், குழந்தை வந்துவிடுமாம். அதை அவர்தான் எழுதினாரா என்பதே சந்தேகம்.

இன்னொரு படமும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்: விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் மனிதன். 1694-இல் ஹார்ட்சூக்கர் என்ற டச்சு அறிஞர் வெளியிட்டது. அவர் நுண்ணோக்கியில் இப்படிப் பார்த்ததாகச் சொன்னார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், அது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். உள்ளே பார்க்க முடிந்தால் ஒருவேளை இப்படி இருக்கலாம் என்றுதான் அவர் எழுதினார்.

இப்போது உங்கள் மகளின் படம். 1930-களில் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு வலிப்பு நோயாளிகளுக்கு மூளை அறுவை செய்தார், அதுவும் அவர்கள் விழித்திருக்கும்போதே. மூளைக்கு வலி தெரியாது, தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தை வைத்தால் ஓரிடத்தில் கட்டைவிரல் கூசும், சற்றுத் தள்ளி வைத்தால் உதடு. எந்த உறுப்புக்கு மூளையில் எவ்வளவு இடம் என்று இப்படிக் குறித்துக்கொண்டே போய், 1937-இல் போல்ட்ரி என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் அந்த விகிதத்திலேயே ஒரு மனிதனை வரையவைத்தார். விரலுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் இடம் தாராளம், முதுகுக்குக் கொஞ்சம்தான். படத்தில் இருப்பது வீக்கம் இல்லை, மூளை கொடுக்கும் பங்கு.

இந்த வரைபடத்தில் கைக்கு அடுத்த வீடு முகம். கையை இழந்தவரின் கன்னத்தைத் தொட்டால், இல்லாத கையில் தொடுவதுபோல் சிலருக்கு உணர்வு வரும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் இதற்குக் காரணமாகக் காட்டியது இந்த அண்டை வீட்டு உறவைத்தான்.

மகளோடு வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கொண்டை ஊசியின் இரண்டு முனைகளையும் விரல் நுனியில் மெதுவாக வையுங்கள். 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே 'ரெண்டு' என்பாள். அப்புறம் முதுகில் வையுங்கள். முனைகளை 4 சென்டிமீட்டர் அளவுக்கு விரிக்கும்வரை 'ஒண்ணுதாம்மா' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.