கேளுங்கள், சொல்கிறேன்

பிச்சாவரத்தில் துடுப்புப் படகா, மோட்டார் படகா?
*வாசகி, விருத்தாசலம்*

துடுப்புப் படகுதான். அலையாத்திக் காட்டின் குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். தலைக்கு மேல் கிளைகள் கூரை போட்டிருக்கும், குனிந்துதான் போகவேண்டும். வெண்கண்டல் இலையை விரலால் தடவிப் பாருங்கள், உப்பு ஒட்டும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிற மரம் அது. காலையிலேயே போய்விடுங்கள்.

விடுமுறைக்குக் கூட்டமில்லாத கடற்கரை ஒன்று சொல்லுங்களேன்?
*வாசகர், சேலம்*

தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை கரையிலேயே நிற்கிறது. அங்கே ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

காலமான அப்பாவின் ஸ்கூட்டரை எங்கள் பால்காரருக்கு இனாமாகக் கொடுக்க நினைக்கிறேன். சாவியைக் கொடுத்தால் போதாதா?
*வாசகர், மதுரை*

நல்ல மனசு ஐயா உங்களுக்கு. ஆனால் சாவி மட்டும் போதாது. ஆர்.சி. புத்தகத்தில் அப்பா பெயர்தானே இருக்கிறது? முதலில் இறப்புச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு படிவம் 29, 30 மூலம் பால்காரர் பெயருக்கு. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் உள்ள உரிமையாளர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றச் சொல்லுங்கள். பதிவாகி 15 வருஷம் தாண்டியிருந்தால் வண்டியின் பதிவையும் புதுப்பிக்கணும். பிரேக், டயரை உங்கள் செலவிலேயே பார்த்துக் கொடுங்கள். விடியற்கால இருட்டில் கேனோடு ஓட்டப்போகிறவர், ஹெட்லைட்டையும் மறந்துவிடாதீர்கள்.