நடந்தாலே மூச்சு வாங்கும் அப்பாவுக்கு உடற்பயிற்சி சொல்கிறார்கள். போகலாமா?

அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சுவிடச் சிரமமாகும் நாள்பட்ட நுரையீரல் நோய்), மாடி ஏறினாலே இளைப்பு, இந்த நிலையில் மருத்துவர் 'பல்மனரி ரிஹாப்' (நுரையீரல் நோயாளிகளுக்கான உடற்பயிற்சி சிகிச்சை) போகச் சொல்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். இதே நோய்க்கு என் அம்மாவை அழைத்துப் போனவன் நான். அம்மாவுக்குப் புகைப்பழக்கம் கிடையாது, எல்லாம் விறகடுப்பு செய்த வேலை.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பயிற்சியால் கெட்டுப்போன நுரையீரல் சரியாகாது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்டில் எண்கள் அநேகமாக அப்படியேதான் இருக்கும். தேறுவது கால்கள். மூச்சு வாங்குகிறதே என்று நடையைக் குறைக்கிறார்கள், தொடைத் தசை கரைகிறது. பலமில்லாத தசையில் கொஞ்சம் நடந்ததுமே லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடும். அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டும். இப்படியே போனால் கழிவறை வரை நடப்பதே பெரும்பாடாகிவிடும்.

முதல் நாள் 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பார்கள். பயிற்சி முடிந்து அளக்கும்போது 30 மீட்டர் கூடியிருந்தாலே நல்ல முன்னேற்றம். வாரம் இரண்டு, மூன்று நாள் வீதம் குறைந்தது 6 முதல் 8 வாரம் போக வேண்டும். நடை, சைக்கிள், கைக்கு எடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது என்று போகும். நடுநடுவே "இளைப்பு 10-க்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். 4 முதல் 6 வரை இருக்க வேண்டும். அதாவது, இளைக்கத்தான் வேண்டும்! வீட்டு மனிதர்களுக்கு இதுதான் ஜீரணமாகாது. நான் பதறி "போதும்மா, உட்காருங்க" என்றதற்கு, பிசியோதெரபிஸ்ட் "பேச முடியுதுல்ல, நடக்கட்டும் சார்" என்றார். விரலில் ரத்த ஆக்ஸிஜனைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் மாட்டித்தான் நடக்க விடுகிறார்கள், அந்த அளவு ரொம்ப இறங்கினால் நிறுத்திவிடுவார்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி கட்டுக்குள் இல்லாதவர் மட்டும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

அம்மாவுக்கு அதிகம் உதவியது உதட்டைக் குவித்து மூச்சை விடுவதுதான். மூக்கால் இழுத்து, விளக்குச் சுடர் அணையாமல் அசைகிற அளவுக்கு மெல்ல ஊத வேண்டும். இந்த நோயில் மூச்சை விடும்போது சின்னக் குழாய்கள் மூடிக்கொண்டு காற்று உள்ளேயே தங்கிவிடும். உதடு குவிந்திருந்தால் அவை சற்று நேரம் திறந்திருக்கும். தலை வாருவது, துணி உலர்த்துவது போலக் கையைத் தூக்கிச் செய்யும் வேலைகளில் இது ரொம்பக் கைகொடுக்கும்.

பயன் உண்டா என்ற சந்தேகமே வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 65 ஆய்வுகளை அலசிவிட்டு, சிஓபிடிக்கு இது பயன்தருமா என்று பார்க்க இனி புதிய ஒப்பீட்டு ஆய்வே தேவையில்லை என்றது. ஆனால் விட்டுவிட்டால் ஓராண்டுக்குள் பலன் தேய்ந்துவிடும், வீட்டில் தொடர்ந்தே ஆக வேண்டும். தனிப் பிரிவு எல்லா ஊரிலும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவிலோ பிசியோதெரபி பிரிவிலோ விசாரியுங்கள்.

போகும்போது இன்ஹேலரை மறக்காதீர்கள். பஃப் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். அம்மா அதுவரை மருந்தில் பாதியை நாக்கில்தான் அடித்துக்கொண்டிருந்தார்.