வீட்டு வாசல் பலகைக்கு நகராட்சி என்ன விதி போடலாம்?

அமெரிக்க நகரங்களின் பலகை விதிகளையும் பேச்சுரிமையையும் பற்றி வாசகர்கள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் தேர்தல் பலகைக்கு ஓர் அளவு, வீடு விற்கும் பலகைக்கு ஓர் அளவு, விழா அறிவிப்புக்கு இன்னோர் அளவு. இது செல்லுமா?

நீதிமன்றத்துக்குப் போனால் நிற்பது கடினம். அரிசோனாவின் கில்பர்ட் ஊரில் சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சின்னத் தேவாலயம், ஞாயிறு வழிபாடு நடக்கும் இடத்துக்கு வழிகாட்ட பலகை நட்டது. அந்த ஊர் விதியைப் பாருங்கள். கொள்கை சொல்லும் பலகை 20 சதுர அடி வரை, காலவரம்பு இல்லை. தேர்தல் பலகை குடியிருப்பு மனையில் 16 சதுர அடி. நிகழ்ச்சிக்கு வழிகாட்டும் பலகைக்கோ 6 சதுர அடிதான். 12 மணி நேரம் முன்பு வைத்து, முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். காலை 9 மணிக்கு வழிபாடு என்றால் முந்தைய இரவு 9 மணிக்குத்தான் நட முடியும்.

அந்தத் தேவாலயத்தின் போதகர் ரீட் தொடுத்த வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து இந்த விதி செல்லாது என்றார்கள். பலகையில் எழுதியிருப்பதை வைத்து விதி மாறினால், நகராட்சிக்கு உள்நோக்கமே இல்லாவிட்டாலும் அது நீதிமன்றத்தின் மிகக் கடுமையான சோதனையைத் தாண்ட வேண்டும்: மிக முக்கியமான பொதுத் தேவை ஒன்று இருக்க வேண்டும், விதியும் அதற்கு வேண்டிய அளவுக்கு மேல் போகக் கூடாது. ஊர் அழகு, போக்குவரத்துப் பாதுகாப்பு என்று கில்பர்ட் காரணம் சொன்னது. 6 சதுர அடி கண்ணை உறுத்தும், 20 சதுர அடி உறுத்தாது என்றால் யார் ஏற்பார்கள்?

கேள்வி: நான் நகர மன்ற உறுப்பினர். அப்படியானால் எதைத்தான் கட்டுப்படுத்துவது?

நிறைய இருக்கிறது. பரப்பு, உயரம், எண்ணிக்கை, சாலையிலிருந்து தள்ளி வைக்கும் தூரம், விளக்கு, மாறும் மின்னணுத் திரை, தெருமுனையில் ஓட்டுநர் பார்வையை மறைக்காமல் விட வேண்டிய இடம். எல்லாப் பலகைக்கும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

சிக்கல் வருவது வரையறைப் பகுதியில்தான். ‘தேர்தல் பலகை’, ‘விற்பனைப் பலகை’ என்ற சொற்களையே எடுத்துவிடுங்கள். ‘தேர்தலுக்கு முந்தைய 60 நாளும் ஒவ்வொரு மனையிலும் கூடுதலாக இத்தனை சதுர அடி தற்காலிகப் பலகை வைக்கலாம்’ என்று எழுதுங்கள். ‘மனை விற்பனைக்கு இருக்கும் காலத்தில் கூடுதலாக ஒரு பலகை வைக்கலாம்’ என்பதும் அப்படியே. அதில் என்ன எழுதுவது என்பது வீட்டுக்காரர் பாடு. தேசியக் கொடிக்கு மட்டும் விலக்கு தருவதும் உள்ளடக்கம் பார்ப்பதுதான். ‘கொடி’ என்று பொதுவாக அளவு போடுங்கள்.

இன்னும் இரண்டு வரி கட்டாயம் வேண்டும். ஒன்று, வணிகப் பலகை அனுமதிக்கப்பட்ட எந்த இடத்திலும் வணிகம் சாராத செய்தியையும் வைக்கலாம் என்பது. 1981-இல் சான் டியேகோவின் விதி விழுந்ததற்கு, கடைக்காரரின் சரக்கு விளம்பரத்துக்குத் தந்த இடத்தை அவருடைய கருத்துக்குத் தராததும் ஒரு காரணம். மற்றது, ஒரு பிரிவு செல்லாமல் போனாலும் மீதி நிற்கும் என்பது.

அனுமதிச் சீட்டு முறையிலும் கவனம். ‘ஊர் அழகுக்கு ஒத்துப்போனால் அனுமதி’ என்று எழுதினால், அதிகாரி தனக்குப் பிடிக்காத கருத்தை அந்தப் போர்வையில் மறுக்க முடியும். அளவுகோலை எண்ணில் எழுதுங்கள். இத்தனை நாளுக்குள் பதில் சொல்வோம் என்று தேதி போடுங்கள்.

கேள்வி: கடை இருக்கும் மனையில் பலகை வைக்கலாம், வேறு மனையில் அதே கடைக்கு வைக்கக் கூடாது என்கிறார்கள். இதற்கும் பலகையைப் படித்தாக வேண்டுமே?

படிக்க வேண்டும்தான். ஆனால் 2022-இல் டெக்சஸின் ஆஸ்டின் நகர வழக்கில் 6–3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் இதை உள்ளடக்கப் பாகுபாடு அல்ல என்றது. பலகை எங்கே நிற்கிறது என்று பிரிக்கத்தான் படிக்கிறார்கள். என்ன கருத்து என்று தரம் பிரிக்க அல்ல. ரீட் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு எல்லா விதியையும் உடைக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு இங்கே கதவு அடைபட்டது.

கேள்வி: மின்கம்பத்தில் கட்டிய பலகையை நகராட்சி கழற்றிப் போட்டது. சரியா?

எல்லாருடையதையும் கழற்றினால் சரி. பொதுக் கம்பங்களில் யாரும் பலகை வைக்கக் கூடாது என்ற லாஸ் ஏஞ்சலஸ் தடையை 1984-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அங்கே கழற்றப்பட்டவற்றில் தேர்தல் பலகைகளும் உண்டு. பழைய சாமான் விற்பனைச் சீட்டை விட்டுவிட்டு உங்களுடையதை மட்டும் எடுத்திருந்தால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அந்தப் படம்தான் சாட்சி.

கேள்வி: குடியிருப்புப் பகுதியில் பலகையே கூடாது என்று தடை போடலாமா?

முடியாது. மிசூரியின் லடூ நகரம் வளைகுடாப் போரை எதிர்த்து ஒரு பெண்மணி மாடி ஜன்னலில் ஒட்டிய எட்டரைக்குப் பதினொரு அங்குலத் தாளைக்கூடத் தடுத்தது. 1994-இல் அந்தத் தடை ஒருமனதாக விழுந்தது. செலவில்லாமல் தன் பெயரோடு பேச, சாமானியருக்குத் தன் வீட்டைப் போல் வேறு இடம் இல்லை.

கேள்வி: தடுப்பது நகராட்சி இல்லை, எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கம். இதே வாதம் எடுபடுமா?

பொதுவாக எடுபடாது. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். சங்கம் தனியார் அமைப்பு. உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் வணிகம் சாராத பலகை 9 சதுர அடிக்கு மேல் போனால்தான் அளவைக் காட்டிச் சங்கம் தடுக்கலாம்.