பஸல் அக்காவிடம் கேளுங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் சொக்கிலேற்றுக்குப் பக்கத்தில் இப்போது ஜிக்சோ பஸலும், அதாவது துண்டு துண்டாக வெட்டிய படத்தைத் திரும்பச் சேர்த்து அடுக்கும் விளையாட்டும், இருக்கிறது. வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் பஸல் அக்கா பதில் சொல்கிறார்.

கொக்குவிலில் இருந்து ஒரு அம்மா: அக்கா, தங்கச்சி லண்டனில் இருந்து 1000 துண்டுப் பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறாள். இங்கே ஒருவரும் முன்பு அடுக்கியதில்லை. எங்கே தொடங்குவது?

முதலில் மூடியில் இருக்கும் படத்தைப் பாருங்கள். கடைத்தெரு, புத்தக அலுமாரி, சந்தை என்று சின்னச் சின்னப் பொருட்கள் நிறைந்த படம் என்றால் பயப்பட வேண்டாம். பனிமலையும் நீல வானமும் என்றால் அதை மேலே எடுத்து வைத்துவிட்டு ஒரு 500 துண்டுப் பெட்டி கேட்டு எழுதுங்கள்.

நேரான விளிம்பு உள்ள துண்டுகளைத்தான் முதலில் பொறுக்க வேண்டும். 1000 என்று போட்டிருந்தாலும் எல்லாப் பெட்டியிலும் சரியாக 1000 இருக்காது. சிலவற்றில் 40 வரிசைக்கு 25, சிலவற்றில் 38க்கு 27, அதாவது 1026. இரண்டிலும் விளிம்புத் துண்டுகள் 126தான். 120 கிடைத்துவிட்டால் சட்டத்தைக் கட்டத் தொடங்கலாம். மிச்சம் ஆறும் எங்காவது ஒளிந்திருக்கும், அவற்றைத் தேடி மினக்கெட வேண்டாம்.

மற்றவற்றை நிறம் பார்த்துப் பிரியுங்கள். இதற்கென்று விற்கும் தட்டுகள் தேவையில்லை. இரண்டு மூன்று சுளகு போதும். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரவிக் கிடக்கும், தூக்கிக்கொண்டு போய் விறாந்தையிலும் இருக்கலாம். எழுத்து, முகம், கடைப் பலகை இருக்கும் துண்டுகளை முதலில் சேருங்கள்.

காரைநகரில் இருந்து ஒரு ஐயா: பிள்ளை, மகன் எங்கடை கசூரினாக் கடற்கரைப் படத்தைக் கொடுத்து பஸலாக அடிப்பித்து அனுப்பினான். சவுக்கு மரமும் மணலும் முடிந்துவிட்டது. கடலும் வானமும் மாதக்கணக்காக மேசையில் கிடக்கிறது. இதற்கு வழி உண்டா?

உண்டு ஐயா, ஆனால் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். ஒரே நிறம் மட்டும் மிஞ்சினால் பிறகு வடிவம்தான் கணக்கு. துண்டில் வெளியே நீட்டுவதை மூக்கு என்றும் உள்ளே போவதைக் குழி என்றும் வைத்துக்கொள்வோம். விளிம்பில்லாத துண்டு ஒன்றுக்கு நாலு பக்கம். அப்படிப் பார்த்தால் ஆறு சாதிதான் வரும்: மூக்கே இல்லாதது, ஒரு மூக்கு, எதிரெதிரே இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, மூன்று, நாலு. வரிசை வரிசையாக வெட்டிய பஸல்களில் எதிரெதிரே இரண்டு மூக்குள்ளவைதான் அதிகம் இருக்கும். கண்டபடி வளைத்து வெட்டியவற்றுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது.

நீல வானத்தை இந்த ஆறு குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரே பக்கம் பார்க்கும்படி வரிசையாக அடுக்கி வையுங்கள். இப்போது ஓர் இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மூக்கு, வலது பக்கம் குழி, இப்படி என்ன வேண்டும் என்று தெரியும். அந்தக் குவியலில் இருந்து ஒன்றொன்றாக வைத்துப் பார்ப்பதுதான். சலிப்பான வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு என்னவோ இதுதான் பஸலிலேயே நல்ல பகுதி. கண் ஓய்ந்துபோய் விரல் வேலை செய்யத் தொடங்கும்.

வானத்தில் இன்னொரு கரைச்சலும் இருக்கிறது. பிழையான துண்டும் சரிபோலவே போய் உட்காரும். சந்தேகம் வந்தால் சேர்ந்த இரண்டையும் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடையில் ஒளிக்கோடு தெரிந்தால் அது சோடி இல்லை.

அடுத்த முறை மகனிடம் நல்லூர்த் தேர் நாள் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அவ்வளவு சனம், அவ்வளவு நிறம், சுகமாக முடிக்கலாம். பளபளப்பான தாளில் அடிக்காமல் மங்கலான மேற்பரப்பில் அடிக்கவும் சொல்லுங்கள். பளபளப்பு என்றால் மின்குமிழ் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கும்.

மானிப்பாயில் இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, எங்களுக்குச் சாப்பாட்டு மேசை ஒன்றுதான். நேரத்துக்கு நேரம் எடுத்து வைக்க முடியாது.

பெரும்பாலான 1000 துண்டுப் படங்கள் முடிந்தால் 70க்கு 50 சென்ரிமீற்றர் வரும். இரண்டரை அடிக்கு இரண்டடி பிளைவூட் பலகை ஒன்று வெட்டுவித்து, ஓரத்தை அரத்தாள் போட்டுத் தேயுங்கள். அதன்மேலே அடுக்கி, சாப்பாட்டு நேரத்தில் பலகையோடு கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடலாம். மேலே ஒரு துணி போடுங்கள். துணி இல்லாவிட்டால், சோளகம் வீசும் நாளில் துண்டுகள் பறக்காவிட்டாலும் மணல் வந்து குழிகளுக்குள் இறங்கிவிடும். பூனை இருந்தால் துணி போதாது, இன்னொரு பலகை வேண்டும்.

பருத்தித்துறையில் இருந்து ஒரு தம்பி: மாரியில் துண்டுகள் ஊதி, மேல்தாள் கழன்று வருகிறது அக்கா.

மட்டை ஈரத்தை உறிஞ்சும், கடற்காற்று உள்ள இடத்தில் இன்னும் மோசம். கார்த்திகை, மார்கழியில் திறந்து வைக்காதீர்கள். இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் ரின்னில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். ஊதியதை வெயிலில் காயப்போட வேண்டாம், மட்டை வளைந்துவிடும். இரண்டு தாளுக்கு நடுவே வைத்து மேலே தடித்த அகராதி ஒன்றை ஏற்றுங்கள். கழன்ற தாளுக்கு ஊசிமுனையளவு பசை. கறையானும் இராமபாணமும் மட்டையென்றால் விடாது, ஆகவே பெட்டியை நிலத்தில் வைக்கவே கூடாது.

சுன்னாகத்தில் இருந்து ஒருவர்: முடித்ததைப் பசை பூசிச் சட்டம் போடலாமா?

போடலாம், உங்கள் சுவர். நான் போடமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் அடுக்கவேண்டியதை ஆணியில் தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது. கலைத்து, துண்டுகளைப் பைக்குள் போட்டு, கைமாற்றுங்கள். அதற்குப் பதிலாக அவர்களிடம் இருப்பதை வாங்குங்கள். இந்த ஊரில் புதுப்பெட்டி மலிவில்லை.

சாவகச்சேரியில் இருந்து ஓர் ஆசிரியை: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்களே ஒன்று செய்யலாமா?

கட்டாயம். பஸல் பிறந்ததே அப்படித்தான் ரீச்சர். 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்து, புவியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு விற்றார். மூக்கும் குழியும் எல்லாம் பிறகு வந்தவை. நீங்களும் இலங்கைப் படத்தை மெல்லிய பிளைவூட்டில் ஒட்டி 25 மாவட்டமாக வெட்டுங்கள், தச்சரிடம் கொடுத்தால் நுண்ணிய வாளால் அறுத்துத் தருவார். எங்கள் மாவட்டம்தான் சிக்கல். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு எல்லாம் தனித்தனித் துண்டானால் முதல் கிழமையே தொலைந்துவிடும். சுற்றியுள்ள கடலையும் சேர்த்து ஒரே துண்டாக அறுக்கச் சொல்லுங்கள்.

உடுவிலில் இருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு மறதி வரத் தொடங்கிவிட்டது. பஸல் அடுக்கினால் நிற்கும் என்கிறார்களே?

அப்படி நம்பி வாங்க வேண்டாம். ஜேர்மனியின் ஊல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 வயதைத் தாண்டிய 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அதில் பாதிப்பேர் 30 நாள் பஸல் அடுக்கினார்கள். அடுக்காதவர்களைவிடச் சொல்லும்படியான முன்னேற்றம் வரவில்லை. வாழ்நாள் முழுக்க அடுக்கி வந்தவர்களின் அறிதிறன் மேலாக இருந்தது, ஆனால் அது பஸலால்தான் என்று சொல்லிவிட முடியாது. அம்மாவை வைத்தியரிடம் காட்டுங்கள். அவ விரும்பினால் பெரிய துண்டுகள் உள்ள 100 துண்டுப் பெட்டி ஒன்றை யன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து, பக்கத்தில் நீங்களும் இருந்து அடுக்குங்கள்.

பதினொரு வயதுப் பொடியன், அரியாலை: அன்ரி, உலகத்திலேயே பெரிய பஸல் எது?

துண்டுக் கணக்கில் என்றால் 2011இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் பல்கலைக்கழக மாணவர்கள் அடுக்கியதைச் சொல்வார்கள். 551,232 துண்டுகள், கிட்டத்தட்ட 15 மீற்றருக்கு 23 மீற்றர். உங்கள் வீட்டு முற்றத்தில் விரியாது ராசா. வேகம் பார்க்க வேண்டுமென்றால் ஸ்பெயினின் வல்லாடோலிட் நகரில் 2019இல் தொடங்கிய உலகப் போட்டியைப் பார். 500 துண்டுகளை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பவர்கள் வருவார்கள்.

நல்லூரில் இருந்து ஓர் அண்ணா: ஒரே ஒரு துண்டைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடியாயிற்று.

வேட்டி மடிப்பையும் கதிரை மெத்தைக்குக் கீழேயும் பார்த்தீர்களா? சரி, இல்லையென்றால் செய்துவிடலாம். ஓட்டைமேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், வடிவம் விழும். அதே தடிப்பு வரும்வரை மட்டைகளை ஒட்டி, வெட்டி, நிறம் தீட்டுங்கள். ஒரே கம்பனி ஒரே வெட்டு அச்சை வேறு படங்களுக்கும் பயன்படுத்துவதுண்டு. அதனால் அதே கம்பனியின் பழைய பெட்டி இருந்தால் அதில் அதே இடத்துத் துண்டைப் போட்டுப் பாருங்கள். நல்லூர்க் கோபுரத்தில் ஓர் இங்கிலாந்துப் பசு நின்றால் நிற்கட்டும்.